நாற்பத்திரண்டு வினாடி அழுகை

நாற்பத்திரண்டு வினாடி அழ வேண்டும். வசனம் ஒரு சொல்கூடக் கிடையாது. திரையில் இருக்கிற கிழவன் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் நின்று அழுகிறான். அவன் தோள் குலுங்குவதற்கும் வாய் கோணுவதற்கும் ஏற்றபடி கோதண்டம் இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று அழ வேண்டும். அழுது முடித்தால் வீட்டுக்குப் போகலாம். நாற்பத்தொரு வருஷமாகத் தெலுங்குப் படங்களின் அப்பாக்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வருகிற மனிதர் அவர். குடிகார அப்பா, ஜமீன் அப்பா, நீதிபதி அப்பா, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிற அப்பா என்று அவர் கணக்கில் இதுவரை இருநூற்றுப் பதினாறு அப்பாக்கள். அழுதவர்களும் அதில் உண்டு. ஆனால் அதெல்லாம் பேச்சுக்கு நடுவே ஒரு விம்மல், இரண்டு விம்மல், மூக்கை உறிஞ்சி ஒரு பெருமூச்சு, அதோடு சரி. முழுசாக நாற்பத்திரண்டு வினாடி எவனும் அழுததில்லை. இவன் அழுகிறான். "அழுகைக்கு எதுக்கும்மா டப்பிங்? அதுல தெலுங்கு எங்க இருக்கு?" என்று காலையிலேயே கேட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாழினி, இந்தப் படத்தின் டப்பிங்கைப் பார்த்துக்கொள்கிறவள், முப்பது வயசு இருந்தால் அதிகம், "ஒரிஜினல்ல பேச்சும் அழுகையும் ஒரே டிராக்ல இருக்கு சார். ஆத்து சத்தம், நாய் சத்தம் மட்டும்தான் தனியா குடுத்திருக்காங்க. அழுகையை நாமதான் குடுக்கணும்," என்றாள். நாமதானாம். நாம் என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்து சூயிங்கம் மெல்கிறாள். நாம் என்றால் கோதண்டம். அறுபத்தேழு வயசில் தொண்டையைக் கிழித்துக்கொள்ளப் போவது கோதண்டம். இப்போது மணி மூன்று நாற்பது. எட்டு டேக் ஆகிவிட்டது. நடு டேக்கில் யாராவது இருமினால்கூட அதையும் ஒன்றாக எண்ணுகிறவர் அவர். யாழினியின் காகிதத்தில் ஏழு என்றுதான் இருக்கும். எண்ணத் தெரியாத பிள்ளைகள்.

படமே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஊருக்குள் பெரிய வீடு, பெரிய வீட்டில் ஒரு பெண். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி, காலனியில் மோட்டார் ரிப்பேர் செய்கிற ஒருத்தன். பெரிய வீட்டு மோட்டார் பழுதாகிறது, அவன் வருகிறான், அவள் தண்ணீர் கொடுக்கிறாள், முடிந்தது கதை. மோட்டார் பழுதாகாத ஊரில் காதலே கிடையாது போலிருக்கிறது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். அப்பன் ராகவய்யா மகள் செத்துவிட்டாள் என்று ஆற்றில் இறங்கித் தலைமுழுகுகிறான். அதுவரைக்கும் கோதண்டத்துக்கு ராகவய்யாவோடு சண்டை இல்லை. சொல்லப்போனால் அந்தத் தலைமுழுகுகிற காட்சியைக் காலையில் ஒரே டேக்கில் கொடுத்தார். எழுதிக் கொடுத்திருந்த தமிழ் வசனம் நீளம். திரையில் கிழவனின் உதடு மூன்று முறைதான் மூடித் திறந்தது. "இது உக்காராதும்மா," என்று காகிதத்தை ஸ்டாண்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, "போ, போ, செத்துப்போ," என்றார். மூன்று சொல், மூன்று உதடு, மயிரிழை பிசகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கை தட்டினார்கள். "எப்படி சார், ஒரு செகண்ட்ல யோசிச்சீங்க?" என்றாள் அந்தப் பெண். யோசிக்க என்ன இருக்கிறது. அவர் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். குடியாத்தத்தில் இருந்து பத்தொன்பது வயசில் வந்த நாளாய் அப்படித்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்று அந்த மூன்று சொல்லையும் தெலுங்கில் அவரே சொல்லியிருக்கிறார். எந்த உதட்டுக்கும் பொருத்திப் பார்க்காமல் சொன்னது இத்தனை காலம் கழித்து ராகவய்யாவின் வாயில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அதற்குக் கைதட்டல் வேறு. அப்புறம்தான் இந்த ராகவய்யா கெட்டுப்போனான். இடைவேளைக்குப் பிறகு அவனுக்கு என்ன வந்ததோ, ஊர்க்காரர்கள் மருமகனை அடித்துப் போட்டதும் வாய்க்காலைத் தாண்டி, முட்டியளவு தண்ணீரில் வேட்டி நனைய நடந்து, மகள் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு அழுகிறான். வாய்க்காலைத் தாண்டுகிறவன் அன்றைக்கே தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசிவரை தாண்டக் கூடாது. நடுவில் ஒரு முழுக்கு எதற்கு? அந்தத் தண்ணீருக்கு என்ன மரியாதை?

"சார், போலாமா?" காதுக்குள் யாழினியின் குரல். ஹெட்போன் வழியாக வந்தால் எந்தக் குரலும் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். போகலாம் என்று தலையாட்டினார். படம் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளே எண்ணி, நான்கில் கிழவன் மூச்சை இழுக்கும்போது இழுத்து, ஏழில் உடைத்து, பதினொன்றில் கை வாய்க்கு வரும்போது சத்தத்தை அடக்கி, பத்தொன்பதில் திரும்ப விட்டு... ஒரு இம்மி தப்பவில்லை. மூன்றாவது டேக்கில் அவள், "சார், இது விக்கல். தண்ணி குடுக்கச் சொல்லட்டுமா?" என்றிருந்தாள். ஐந்தில், "இது ஜலதோஷம் சார்." இப்போது, "உதடு கரெக்டா இருக்கு சார். மூச்சும் கரெக்டா இருக்கு. ஆனா பக்கத்து வீட்டு சாவுக்குப் போய் அழற மாதிரி இருக்கு," என்றாள். இன்ஜினியர் சிரித்தது கண்ணாடி வழியே தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. அவருக்குச் சட்டைப் பையில் என்னவோ துடித்தது. போன். கையை வைத்துப் பார்த்தார், பை காலி. அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது, வெளியே மர அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆனாலும் துடிக்கிறது. நாலு நாளாக இப்படித்தான், இடது மாரில் ஒரு பூச்சி உட்கார்ந்துகொண்ட மாதிரி. செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு முதல் மெசேஜ் வந்தது. குடும்ப அட்டையில் இருந்து உறுப்பினர் பெயரை நீக்க ஓ.டி.பி. எண், பத்து நிமிஷத்துக்குச் செல்லும், யாரிடமும் சொல்லாதீர்கள். ஆறு இலக்கம். யாரோ திருடன் என்றுதான் முதலில் நினைத்தார். கால் மணி கழித்துத் தெரியாத எண்ணில் இருந்து இன்னொன்று. "நைனா, நான் ரேணு. எனக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. இன்சூரன்ஸ் கார்டுக்கு என் பேர் அவர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். உங்கள் கார்டில் இருந்து எடுத்தால்தான் அங்கே சேர்க்க முடியும். இப்போது வந்த நம்பரை மட்டும் சொல்லுங்கள். போதும்." நாலு முறை படித்தார். எழுத்துப்பிழை இல்லை. போதும் என்பதற்குப் பிறகு முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தாள். அவர் பதில் போடவில்லை. அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அன்று மாலை இன்னொரு எண் வந்தது. புதன்கிழமை இரண்டு, நேற்று மூன்று. ஆக ஏழு எண்கள். ஏழும் அவருக்கு மனப்பாடம், ஏழும் பத்துப் பத்து நிமிஷத்தில் செத்துப்போன எண்கள். பதினோரு வருஷத்தில் மகள் அப்பனுக்கு அனுப்பியது அந்த ஒரு மெசேஜும் இந்த ஆறு இலக்கமும்தான். இலக்கத்தையும் அவள் அனுப்பவில்லை, எந்திரம் அனுப்பியது.

இன்றைக்கு எட்டாவது எண் வரவில்லை. ஆளே வந்துவிட்டது. மூன்று பத்துக்கு டீ குடிக்க வெளியே போனபோது முன்னறையில் உட்கார்ந்திருக்கிற பொற்கொடி எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், உங்க பொண்ணுன்னு ஒருத்தங்க ரெண்டு மணியில இருந்து வந்து உக்காந்திருக்காங்க," என்றாள். "எனக்கேதும்மா பொண்ணு," என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொற்கொடி அவர் முகத்தையே பார்த்தாள். இந்த ஸ்டுடியோவில் அவள் பதினாறு வருஷமாக இருக்கிறாள், ரேணுகா சாப்பாட்டுக் கூடையோடு வந்துபோன காலமெல்லாம் தெரியும். "அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில கவுண்டர் மூடிடுவாங்களாம் சார். இன்னிக்கு அப்ளிகேஷன் போட்ட சீட்டு காட்டினாகூட ஒத்துக்கிறாங்களாம். நாளைக்கும் நாளன்னிக்கும் லீவு. ஏதோ ஒரு நம்பர் சொன்னா போதும்னு சொல்றாங்க," என்றாள். "வேலை முடியட்டும்," என்று டீயைக் குடிக்காமல் உள்ளே வந்துவிட்டார். உள்ளே வந்தபிறகுதான் தோன்றியது, எனக்கேது பெண் என்று சொல்லிவிட்டு, வேலை முடியட்டும் என்றால் என்ன அர்த்தம். இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும். இந்த மாதிரிக் குளறுபடி அவரிடம் கிடையாது. பொற்கொடி போய் எதைச் சொல்லியிருப்பாள்? முதலாவதையா, இரண்டாவதையா? "டேக் ஒம்போது சார்." பத்து. ஒன்பது முடிந்துவிட்டது, பத்து. அவர் திருத்தவில்லை. கிழவன் வாசலில் வந்து நிற்கிறான். வேட்டி நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. கண்ணுக்குக் கீழே கிளிசரின் கோடு தெரிகிறது, அழத் தெரியாத பயல், இவனுக்கு நான் அழ வேண்டும். எடுத்த மூச்சு தொண்டையில் சிக்கி, இருமல் வந்தது. "கட்," என்றாள்.

அப்படிப் பார்த்தால் ரேணுகாவைக் கட்டிக்கொண்டவனும் இங்கேதான் நின்றான். இதே மைக், இதே மரத் தரை, இடது பக்கம் ஒரு பலகை அமுங்கும், அதில் கால் வைத்தால் டேக் போச்சு. அதைக் கோதண்டம்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்பரசு. ஹீரோக்களுக்குப் பேசுகிறவன். கணீரென்ற குரல். அந்தக் குரலில் ஊர் தெரியாது, தெரு தெரியாது. மனுஷனைக் குரலை வைத்து எடைபோடுகிற தொழிலில் இருந்துகொண்டு அதில்தான் ஏமாந்தார். "எந்த ஊருப்பா?" என்று கேட்டார், செய்யாறு பக்கம் என்றான். ஊரைக் கேட்டவர் தெருவைக் கேட்கவில்லை. எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறவர், அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும்? எட்டுப் படங்களில் இவர் பெண்ணைப் பெற்ற அப்பா, அவன் மாப்பிள்ளை. எட்டிலும் முதலில் திட்டி, அடித்துத் துரத்தி, கடைசி ரீலில் "எம் பொண்ணை உங்கிட்ட ஒப்படைக்கிறேன் மாப்ளே," என்று இதே இடத்தில் நின்று கையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். எட்டு முறை. ஒரு முறை நிஜமாகவே கண் கலங்கிவிட்டது, "அண்ணே, பிரமாதம்ணே," என்று அவன் காலைத் தொட்டான். அந்தப் படத்துக்கு டப்பிங் நடந்த பத்து நாளும் ரேணுகாதான் சாப்பாடு கொண்டுவந்தாள். இவர் சாம்பாரை அவனுக்கும் ஊற்றினார். ஒரே கூடை, ஒரே கரண்டி. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. எதற்குச் சூடாகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவன் சாப்பிட்டதற்கா, தான் ஊற்றியதற்கா, பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காமல் போனதற்கா. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் இந்தத் தொழிலையே விட்டுவிட்டான். ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறானாம். உன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று இவர் சொல்லியனுப்பிய ஒரு வார்த்தைக்காக, அந்தக் குரலைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். அப்படி ஒரு திமிர். சண்டைக்கு வந்திருந்தால் ஜெயித்திருக்கலாம். ஒதுங்கிப் போகிறவனை எப்படி ஜெயிப்பது?

"சார், ஒரு சஜஷன். தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் யாழினி. "உங்க வீட்ல யாராச்சும் தவறிப்போனதை நினைச்சுக்கோங்களேன்." தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். மனைவி சகுந்தலா போனபோது அவர் அழவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. பாடையைத் தூக்குமுன் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மாலை விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார். மாலை முப்பத்தெட்டு. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ரேணுகா வந்து நிற்கிறாள் என்று சொன்னார்கள். ஒன்பது மணிக்கு வந்தவள். "அவ ஒரு அடி தெருவுக்குள்ள வச்சா, நான் கொள்ளிச் சட்டியைத் தொட மாட்டேன்," என்றார். அவள் வைக்கவில்லை. ஒன்று நாற்பதுக்கு ஊர்வலம் அந்த முனையைத் தாண்டும்போது டிரான்ஸ்பார்மரின் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நாலு மணி நாற்பது நிமிஷம் வெயிலில் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று அன்றைக்கு ராத்திரி ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டார். அவள் செத்தவள். செத்தவளுக்கு ஏது குழந்தை? அவளுக்காக அவர் முறைப்படி தலைமுழுகியிருக்கிறார். ராகவய்யாவுக்காவது ஆறு இருந்தது. இவருக்கு வடபழனி வீட்டுக் குளியலறைதான், சிவப்பு பிளாஸ்டிக் வாளி, சின்னச் செம்பு. இருபத்தொரு செம்பு. உள்ளே நின்று சத்தமாக எண்ணி எண்ணி ஊற்றினார். வெளியே சகுந்தலா துண்டோடு நின்றிருந்தாள், அழவில்லை, சபிக்கவில்லை. "போதும், தலையைத் துவட்டுங்க. சளி பிடிச்சா குரல் போயிடும்," என்றாள். போய்விட்டது. நாலு நாள் குரலே இல்லை. பெண்ணைத் தலைமுழுகியதற்கு வந்த ஜலதோஷம் என்று டாக்டரிடம் சொல்லவா முடியும்?

டேக் பதினொன்று. அவள் இன்னும் ஒம்போது என்கிறாள். கிழவன் வாசலில் நிற்கிறான், உள்ளே இருந்து யாரும் வரவில்லை. படத்தில் கடைசிவரைக்கும் யாரும் வரமாட்டார்கள், அதை மட்டும் டைரக்டர் சரியாகத்தான் எடுத்திருக்கிறான். மணி நாலு ஐந்து. ஐந்துக்குக் கவுண்டர் மூடுகிறது. இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் முப்பது நிமிஷம், வெள்ளிக்கிழமை நெரிசலுக்கு நாற்பது. ஆக நாலு இருபது. நாலு இருபதுவரை இந்த அறையை விட்டு வெளியே போகாமல் இருந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நடக்கிறது தானே நடக்கும். வேலை முடியவில்லை என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. கட்டி என்கிறாள். அவள் அத்தைக்கும் கட்டி வந்தது, சின்னது என்றார்கள், ஆறே மாசம். அவர் ஒன்றும் அவளை ஆபரேஷன் செய்துகொள்ளாதே என்று சொல்லவில்லையே. கார்டில் பேர் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். சகுந்தலா பேரைப் பதினெட்டாம் நாளே எடுத்துவிட்டார், அதில் எல்லாம் அவர் சுத்தம். இதை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த அட்டையில் ஒரே ஒரு பேர்தான் மிஞ்சும். அது... அதற்காக இல்லை. அலைய நேரமில்லை. பதினோரு வருஷமாக நேரமில்லை. கடையில் தலைக்கு அரை கிலோ சர்க்கரை போடுவார்கள். மாசாமாசம் போய் வரிசையில் நின்று அவள் பங்கு அரை கிலோவையும் சேர்த்துத்தான் வாங்கிவருகிறார். இவருக்குச் சர்க்கரை வியாதி, தொடக் கூடாது. டப்பாவில் கொட்டி வைக்கிறார், கட்டிதட்டிப் போகிறது, எறும்பு வருகிறது, பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறார், மறுமாசம் மறுபடியும் பை எடுத்துக்கொண்டு போகிறார். பதினோரு வருஷம், நூற்று முப்பத்திரண்டு மாசம், அறுபத்தாறு கிலோ. இருபத்தொரு செம்பு ஊற்றித் தலைமுழுகிய பெண்ணுக்கு அறுபத்தாறு கிலோ சர்க்கரை வாங்கியிருக்கிறான் ஒருத்தன். மழையில், கொரோனாவில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு. சகுந்தலா போனபிறகும் கடைக்காரன் "எத்தனை பேர் பெரியவரே?" என்று கேட்கும்போதெல்லாம் "ரெண்டு" என்றிருக்கிறான். இவனைப்போல ஒரு முட்டாளைக் கண்டதுண்டா? சிரிப்பு வந்தது. மைக் முன்னால், டேக் ஓடிக்கொண்டிருக்கும்போது, வயிற்றில் இருந்து சிரிப்பு. வாயைப் பொத்தினார். திரையில் கிழவனும் அதே நேரத்துக்கு வாயைப் பொத்தினான். சிரிப்பு போக வழியில்லாமல் உள்ளேயே உடைந்தது. உடைந்து, நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு, என்னவென்றே தெரியாத ஒரு சத்தமாக, மாட்டுக்கு வருகிற மாதிரி, அவமானமாக, மூக்கும் வாயும் ஒழுக வெளியே வந்தது. ரெண்டு. ரெண்டு பேர். வேலிக்கம்பியைப் பிடித்த கை. தண்ணீர் கொடுத்தார்களா அந்தக் குழந்தைக்கு. திரையைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார், இடது பக்கப் பலகையில் கால் போய் அது கிறீச்சிட்டது. யாரோ "சார்" என்றார்கள். "சார், லூப் முடிஞ்சிடுச்சு. சார்? ஓகே சார், சூப்பர் சார், நிறுத்திடலாம் சார்." திரை வெள்ளையாக இருந்தது. எவ்வளவு நேரமாக வெள்ளையாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. யாழினி கதவைத் திறந்து உள்ளேயே வந்துவிட்டாள், அவள் மூக்கும் சிவந்திருந்தது, "சார், கொன்னுட்டீங்க சார். பலகை சத்தத்தை நான் அழிச்சுக்கறேன்," என்று அவர் கையைப் பிடித்தாள். அவருக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. என்னத்தைக் கொன்றேன்? இதையா பதிவு செய்துகொண்டாய்? நாலு மாவட்டத்துத் தியேட்டரிலும் டி.வி.யிலும் போட்டுக் காட்டப் போகிறாயா? "தொண்டை கமறிடுச்சு," என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த போனை எடுத்துக்கொண்டு நடந்தார். மணி நாலு பதினொன்று.

முன்னறையில் ரேணுகா பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கிட்டே வரவில்லை. அறைச்சுவரில் பஞ்சு வைத்துத் தைத்த ஸ்டுடியோ அது, உள்ளே நடந்தது ஒரு பொட்டுகூட வெளியே கேட்டிருக்காது. அந்த மட்டில் நிம்மதி. "கண்ணு செவந்திருக்கே நைனா," என்றாள். "ஏசி," என்றார். பொற்கொடி ஏதோ பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டினாள். "அனுப்பு," என்றார் கோதண்டம், அவளைப் பார்க்காமல், தண்ணீர் கேன் மேல் கண்ணை வைத்துக்கொண்டு. அவளுக்கு முதலில் புரியவில்லை. "உன் நம்பரை அனுப்புன்னேன். நிக்கறியே." அவள் போனில் எதையோ அழுத்தினாள். இரண்டு பேரும் நின்றார்கள். வரவில்லை. "டவர் இங்க சரியா கிடைக்காது, கதவுகிட்ட போங்க சார்," என்றாள் பொற்கொடி. கதவுகிட்டே போய் நின்றார். கையில் போன் துடித்தது, இந்தமுறை நிஜமாகவே. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார், கல்லை எடுத்து எறிகிற மாதிரி. "நாலு. பூஜ்யம். ஒம்போது." "ம்." "ஒம்போது." "ரெண்டு ஒம்போதா?" "ஒரு தடவை சொன்னா ஏத்துக்கத் தெரியாது? ரெண்டு ஒம்போது. ஒண்ணு. ஏழு." அவள் சரியாகத்தான் போட்டாள். போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "காரணம் கேக்குது நைனா." "என்ன காரணம்?" "எதுக்குப் பேரை எடுக்கறோம்னு. மூணுதான் இருக்கு. இறப்பு, திருமணம், குடிபெயர்ச்சி." பொற்கொடியின் கை பதிவேட்டில் அப்படியே நின்றது. தெருவில் ஒரு ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது, ரேணுகா சொல்லி வைத்த ஆட்டோவாக இருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு ரேணுகா, வயசானவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிற குரலில், "குடிபெயர்ச்சின்னே போட்டுடறேன் நைனா. யாருக்கும் வம்பில்ல," என்றாள்.

அந்தக் குரல்தான் அவருக்கு ஆகவில்லை. சுர்ரென்று ஏறியது.

"எவ குடிபெயர்ந்தா? கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தானே போன? உள்ளதைப் போடு."